மகளிரியல் பட்டப்படிப்பு: முதல் ஆண்டை எப்படித் தொடங்குவது?

மகளிரியலில் புதிதாகச் சேர்பவர்கள் திணறக் காரணம் உண்டு. வரலாறு, சட்டம், சமூகவியல், பொருளாதாரம், இலக்கியம் எல்லாம் ஒரே வகுப்பறைக்குள் வந்து நிற்கும். எதைப் படித்தாலும் ‘இந்தக் கணக்கில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?’ என்று கேட்கப் பழகிவிட்டால் வழி தெளிந்துவிடும்.

படி 1: சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆய்வு முறையியலும் களப்பணியும் இருக்கிறதா? கோட்பாடு மட்டும் இருந்தால், அடிப்படைப் புள்ளியியலை விருப்பப் பாடமாக எடுத்துவிடுங்கள்.

படி 2: கோட்பாட்டாளர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். யார், எந்த ஆண்டில், யாருக்குப் பதில் சொன்னார் என்று நோட்டில் குறித்து வாருங்கள். ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் 1792-ல் பெண்கல்விக்காக வாதாடியது, பெண்களுக்கு வீட்டோடு ஒட்டிய கல்வியே போதும் என்ற பிரெஞ்சுக் கல்வி அறிக்கையை எதிர்த்து. இது தெரிந்தால் அவருடைய கோபம் புரியும்.

படி 3: ஒரு வழக்கையாவது ஆழமாகப் படியுங்கள். என் பரிந்துரை, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு. 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு பணிமூப்புப்படி ஆட்குறைப்பு செய்தபோது, தாமதமாகச் சேர்ந்த அவர்களுக்குத்தான் வேலை போனது. நீதிமன்றம் 1976-ல் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பால் பாகுபாடு இல்லை என்றது. ஆனால் அப்படி வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். இனம், பால் இரண்டையும் சேர்த்து ஒரே புகாராகக் கேட்கவும் மறுத்துவிட்டது. இந்த இடைவெளியைக் காட்டித்தான் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்தை, அதாவது இனம், பால் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன என்பதை, முன்வைத்தார். தீர்ப்பின் தர்க்கத்தை உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 4: நேரக் குறிப்பேடு போடுங்கள். ஒரே வீட்டிலுள்ள இருவரின் ஒரு நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து நிரப்புங்கள். சமைத்துக்கொண்டே குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் அரைமணி எந்தக் கட்டத்தில் வரும்? ஒன்றை மட்டும் எழுதினால் இன்னொரு வேலை காணாமல் போகும். இரண்டையும் எழுத இரண்டாவது நெடுவரிசை தேவை. சம்பளமில்லாத வீட்டுவேலை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராதது ஏன் என்ற விவாதம் அதன்பின் வெறும் பாடமாக இருக்காது.

படி 5: நேர்காணலுக்குப் போகும்போது முதலில் ஒப்புதல். பதிவு யாரிடம் போகும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். தனியாகப் பேச இடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் யார் உடனிருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழிலும் தெருவும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 6: ஆய்வேட்டுத் தலைப்பைச் சுருக்குங்கள். ‘பெண்களும் ஊடகமும்’ என்பதை ஒரு பருவத்தில் முடிக்க முடியாது. ஒரே நாளிதழ், ஒரே ஆண்டு, வேலைவாய்ப்பு விளம்பரங்கள் என்று எடுத்தால் முடியும். தலைப்பை வழிகாட்டியிடம் கொண்டுபோகும்போது பத்து விளம்பரங்களையாவது வகைப்படுத்தி உடன் எடுத்துச் செல்லுங்கள்.