தோட்ட நகரத்து கிளினிக்கிலிருந்து மாநாட்டுக்கு: ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்ட நகரங்களில் தாய் சேய் கிளினிக்கில் வேலை பார்க்கும் மிஸ்ஸிகளிடம் (தாதியரிடம்) ஆய்வுக்கான விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. கர்ப்பிணிகள் கொண்டுவரும் பிங்க் நிறப் பரிசோதனைப் பதிவுப் புத்தகத்தில் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், எடை, வந்த தேதி எல்லாம் வரிசையாகக் கிடக்கிறது. அதை 250, 300 சொற்களுக்குள் சுருக்கி ஒரு தாய் சேய் நல மாநாட்டுக்கு அனுப்பத்தான் பலருக்குத் தயக்கம். முதல் முறை அனுப்புகிறவர்களுக்கான வழி இது.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

"தோட்டத்துப் பெண்களின் ஆரோக்கியம்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "12 வாரத்துக்குப் பிறகு முதல் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களிடம் ரத்தசோகை அதிகமா?" இது கேள்வி. இரண்டு கேள்விகள் இருந்தால் இரண்டு சுருக்கம் எழுதுங்கள், ஒன்றில் திணிக்காதீர்கள்.

இரண்டாம் படி: அனுமதி

"பழைய கார்டுகளைத்தானே புரட்டுகிறோம், யாருக்கும் ஊசி போடவில்லையே" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது செல்லாது. சுகாதார அமைச்சின் கிளினிக், ஊழியர், நோயாளிப் பதிவு என எதைத் தொட்டாலும் ஆய்வை என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் இணையம் வழி பதிய வேண்டும். எம்ஆர்இசி என்ற அறநெறிக் குழுவின் ஒப்புதல் தரவை எடுப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, அமைச்சின் ஊழியர் என்றால் முடிவுகளை வெளியே வைப்பதற்குச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். மாநாட்டின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு இதை ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும். படிவங்களைப் பார்த்துத் தலை சுற்றினால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கிளினிக்கல் ரிசர்ச் சென்டரில் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்கள் இருப்பதே அதற்குத்தான்.

மூன்றாம் படி: எழுதுவது

வரிசை எங்கும் ஒன்றுதான்: பின்னணி, நோக்கம், செய்த முறை, கண்டறிந்தவை, முடிவுரை. ஆனால் எழுதுவதைக் கண்டறிந்தவையிலிருந்து தொடங்குங்கள். பின்னணியில் ஆரம்பித்தால் பாதி இடத்தை அதுவே தின்றுவிடும். மதிப்பீட்டாளர் தேடுவது எண்களை.

"தாமதமாக வந்தவர்களிடம் ரத்தசோகை கணிசமாக அதிகம் காணப்பட்டது" என்ற வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "தாமதமாகப் பதிந்த 80 பேரில் 36 பேருக்கும் (45%), நேரத்தோடு பதிந்த 120 பேரில் 30 பேருக்கும் (25%) ரத்தசோகை இருந்தது." எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. விழுக்காட்டோடு ஆள் எண்ணிக்கையும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள்.

சரி, எதை ரத்தசோகை என்றீர்கள்? அதைச் 'செய்த முறை' பகுதியில் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே என்பது உலகச் சுகாதார நிறுவனம் நெடுங்காலம் வைத்திருந்த அளவு. 2024இல் வந்த அதன் வழிகாட்டியில் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்று இறங்கியிருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் 10.7 இருக்கும் ஒரு தாய் ஒரு கணக்கில் நோயாளி, மற்றதில் இல்லை.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கர்ப்பம் வளர வளர ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபின் இயல்பாகவே இறங்கும். தாமதமாக வருகிறவருக்கு முதல் பரிசோதனையே ஐந்தாம் மாதத்தில்தான் நடக்கும். அவருடைய முதல் அளவை, இரண்டாம் மாதத்தில் வந்தவரின் முதல் அளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படியும் வரும். 36 வாரம் மாதிரி இருவருக்கும் பொதுவான ஒரு கட்டத்தில் எடுத்த அளவை ஒப்பிடுங்கள். அப்போதும் முடிவுரையில் "தாமதம்தான் காரணம்" என்று எழுத வேண்டாம். "தொடர்பு தெரிகிறது" என்பதோடு நிறுத்துங்கள். பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வுக்கு அதற்கு மேல் உரிமையில்லை.

சுருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். முதல் வரைவை எந்த மொழியில் யோசனை ஓடுகிறதோ அதில் எழுதுங்கள்.

நான்காம் படி: ஆளை மறைப்பது

பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் எடுத்துவிட்டால் போதும் என்பது பெரிய ஊர் கணக்கு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தோட்டத்தின் பெயர், வயது 16, இரட்டைக் குழந்தை என்று மூன்றையும் போட்டால், மாநாட்டில் ஆய்வை விளக்கி மாட்டும் சுவரொட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அடுத்த நிமிடம் அது யார் மகள் என்று ஊர் சொல்லிவிடும். "பேராக்கில் ஒரு தோட்ட நகரம்" என்பதோடு நிறுத்துங்கள். ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள். பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தாய்மார்கள் பட்டியலில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அவர்களுக்கு இது வெறும் கூச்சப் பிரச்சினை அல்ல.

ஐந்தாம் படி: பதிவேற்றுவது

வரம்பு சொற்களிலா எழுத்துகளிலா என்று பாருங்கள். ஒட்டிய பிறகு ≥, ± போன்ற குறிகள் கேள்விக்குறியாக மாறியிருக்கலாம், ஒருமுறை படித்துவிடுங்கள். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் உள்ளே கிளினிக் பெயர் வரக் கூடாது. வாய்மொழியா சுவரொட்டியா என்று கேட்டால் "எதுவானாலும்" என்று குறியுங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்பதும் முக்கியம்: கிரீன்விச் நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 7.59. சிட்னி நேரம் என்றால் நமக்கு முன்பே முடிந்துவிடும்.

"மாண்புமிகு டாக்டர் அவர்களே" என்று தாதியர் மாணவிக்கே மின்னஞ்சல் வந்து, அனுப்பிய மறுநாளே ஏற்பும் கட்டணம் கேட்கும் பில்லும் வந்தால், அது மாநாடு அல்ல, வியாபாரம்.

நல்ல இடத்திலிருந்து ஏற்பு வந்தால் முதலில் தேட வேண்டியது, படைப்பவர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டிய தேதி. அதைத் தவறவிட்டால் பல மாநாடுகளில் நிரலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கட்டிவிட்டு அன்றைக்கே லீவுக்கும் எழுதிக் கொடுங்கள்.