அம்மாவுக்கு ஒரு சுடுமண் டாலர், உள்ளே என்எஃப்சி

ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், மூன்றாம் நாளே அலமாரிக்குப் போய்விட்டது. "தினமும் சார்ஜ் போடணும், பார்க்கவும் நகை மாதிரி இல்லையே" என்றார் அம்மா. நியாயம்தானே? அதனால் நகையிலிருந்தே தொடங்கினேன். புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் சுடுமண்ணில் ஒரு டாலர், அதற்குள் 25 மில்லிமீட்டர் என்எஃப்சி ஸ்டிக்கர், அதாவது போனை ஒட்டி வைத்தால் தன்னிடம் உள்ள தகவலைக் கொடுக்கும் சின்னச் சிப். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அவருக்கு மயக்கம் வந்தால், பக்கத்தில் இருப்பவர் போனை டாலரில் ஒட்டி வைத்தால் என் எண் திரையில் வரும். பேட்டரியே வேண்டாம், போன் அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஸ்டிக்கரில் எண்ணை எழுதிவிடுங்கள், என்எஃப்சி டூல்ஸ் மாதிரி ஏதாவது ஆப் போதும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் வீட்டு முகவரி வேண்டாம்.

அடுத்தது களிமண், இங்கேதான் பொறுமை வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும், அதுவும் மண்ணுக்கு மண் வேறுபடும். அதே மண்ணில் ஒரு பட்டை செய்து 100 மில்லிமீட்டருக்குக் கோடு கிழித்துச் சுட்டு, திரும்ப அளந்து பாருங்கள். 90 வந்தால், ஸ்டிக்கருக்கான குழியை ஈரமண்ணில் 30 மில்லிமீட்டராக வெட்ட வேண்டும், சுட்டபின் 27 ஆகி, 25 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் இறுகாமல் உட்காரும். கயிற்றுக்கான ஓட்டையும் ஈரத்திலேயே போட்டுவிடுங்கள். சூளையில் சிப் பிழைக்காது, அதனால் சுட்ட பிறகுதான் ஸ்டிக்கரை வைத்து எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றி மூட வேண்டும். சுடுமண் வியர்வையை உறிஞ்சும், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு வெளியே இரண்டு கோட் வார்னிஷ் கட்டாயம்.

முதல் டாலருக்குப் பின்னால் அழகுக்காக வெள்ளித் தகடு வைத்தேன், போன் அசையவே இல்லை. உலோகத் தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்தக் காந்தப்புலத்தையே அடக்கிவிடுகிறது. வெள்ளி வேண்டுமென்றால் சுற்றிலும் கம்பி கட்டலாம், ஆனால் வளையத்தை முழுதாகப் பற்றவைக்காமல் சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள், மூடிய வளையமும் புலத்தைத் தின்னும். கண்ணாடி மணியில் இந்தத் தொல்லை இல்லை, புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மாதிரிச் சின்ன மணிகளைத் தாராளமாகக் கோக்கலாம்.

எல்லாப் போனிலும் என்எஃப்சி கிடையாது. அதனால் வார்னிஷுக்கு முன் பின்பக்கத்தில் எண்ணையும் ரத்த வகையையும் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

கயிறு நெஞ்சு வரை தொங்கட்டும், கழற்றாமலே போனை வைக்க முடியும்.