காந்தப் புயலும் சிற்றலையும்: நேயர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இன்றும் சிற்றலை வானொலி கேட்பவர்கள், நிலையம் கிடைக்காத நாளில் பழியை எல்லாம் காந்தப் புயலின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

சூரியனில் திடீரென எழும் கதிர்வீச்சு வெடிப்பான சூரியச் சுடரையும், பூமியின் காந்தப்புலம் குலையும் காந்தப் புயலையும் ஒன்றெனக் கொள்வதே பெரிய தவறு. சுடரின் எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் பூமியை அடைந்து, பகலாக இருக்கும் பக்கத்தில் மட்டும், சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பியனுப்பும் மேல்வளியான அயனி மண்டலத்தின் அடியிலுள்ள டி அடுக்கைச் செறிவாக்குகின்றன. அவ்வடுக்கு சிற்றலைகளை, முதலில் குறைந்த அதிர்வெண்களை, விழுங்கிவிடும். ஓரிரு மணி நேரத்துக்குள் நிலைமை பெரும்பாலும் சீராகிவிடும். காந்தப் புயலோ, சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களின் திரள்) பெரும்பாலும் 1 முதல் 3 நாள் கழித்து வந்து மோதும்போது எழுவது. அது உயரத்திலுள்ள எஃப்2 அடுக்கைக் குலைத்து, பல இடங்களில் எலக்ட்ரான் செறிவைக் குறைப்பதால், உயர் அதிர்வெண்கள் தரைக்குத் திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடுகின்றன. ஆகவே, பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் திடீரென அடங்கினால் 15-க்கு மேல் ஏறிப் பார்க்க வேண்டும். புயலில் 15 அடங்கினால் 9, 7 என்று இறங்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். நம் ஊரில் இரவு 10 மணிக்கு நிலையம் மறைந்ததற்குச் சுடரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை.

காந்தக் குலைவை 0 முதல் 9 வரை அளந்து சொல்லும் கே.பி. எண் 5-ஐத் தொட்டதும் வானொலியை மூடிவைப்பது வேண்டாத அவசரம். அவ்வெண் நம்மைவிடத் துருவங்களுக்கு நெருக்கமான 13 ஆய்வகங்களின் அளவீடுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. காந்த நடுக்கோடோ நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்துப் பக்கமாகச் செல்கிறது. இங்கே புயல் சில வேளைகளில் எலக்ட்ரான் செறிவைக் கூட்டவும் செய்யும். துருவத்தை ஒட்டி வரும் வட அமெரிக்க அலை அடிபட்ட அதே இரவில், சுமார் 2,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைப் பக்கத்து அலை அயனி மண்டலத்தில் ஒருமுறை மட்டும் பட்டுத் திரும்பி, ஒரே தாவலில் வந்து சேரலாம். 2024 மே 10, 11 தேதிகளில் கே.பி. 9-ஐ எட்டியது போன்ற புயல்கள் வேறு கதை. கே.பி. எண் அட்டவணையின் நேரத்தையும் கவனியுங்கள்: உலக நேரம் 12 முதல் 15 வரையிலான கட்டம், நமக்கு இரவு 8 முதல் 11 வரை.

இரைச்சல் கூடினாலும் புயல்தான் என்பார்கள். புயல் அலையை நலியச் செய்யுமே தவிர, கரகரப்பை உண்டாக்காது. செம்பனைத் தோட்டங்களின் மேல் மாலையில் இடி கூடும்போது வெடிப்பது மின்னலின் சத்தம். விடாமல் ஒரே சீராக இரைவது பெரும்பாலும் எல்இடி விளக்கோ கைப்பேசி சார்ஜரோதான். வானொலியைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அடைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால், மின்சாரத்தைத் திரும்பத் தந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே குற்றவாளியைப் பிடித்துவிடலாம். நிற்காவிட்டால் அடுத்த வீட்டையோ, தெருவில் ஓடும் மின்கம்பியையோ சந்தேகியுங்கள்.