காதலி உடலில் ஏலியன்: திரைக்கதையிலும் ஷூட்டிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேற்றுகிரகவாசிகள் மனித உடலைக் களவாடும் கதையில் காதலைத் தனி ட்ராக்காக ஓட்டுவதுதான் பெரிய தவறு. ஊரே மாறிப்போனாலும் பார்வையாளர் அசர மாட்டார். அவருக்குப் பழகிவிட்ட ஒரு முகம் மாற வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் நெருங்கிப் பழகிய ஒருவர்தான் என்பதால், காதல் பலமாக இல்லாவிட்டால் பயமும் வராது.

டான் சீகல் இயக்கி 1956-இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ வெறும் 80 நிமிடப் படம். டாக்டர் மைல்ஸும் பெக்கியும் பழைய காதலர்கள், இருவருமே விவாகரத்தானவர்கள். அதனால் அறிமுகத்துக்கும் தயக்கத்துக்கும் நேரம் செலவாகவில்லை. இந்தக் கதையில் தூங்குபவரின் இடத்தை அவரைப் போலவே இருக்கும் ஒரு ஏலியன் நகல் பிடித்துக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில், சுரங்கத்துக்குள் பெக்கி கண்ணயர்ந்துவிடுகிறாள். மைல்ஸ் அவளை முத்தமிடுகிறான். அவள் கண் திறக்க, அவளுக்கு ஒரு க்ளோசப், அவனுக்கு ஒரு க்ளோசப்: அவள் மாறிவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. விசேஷ மேக்கப் எதுவும் கிடையாது. அவர்களின் நெருக்கத்தை முன்பே பார்த்திருப்பதால்தான் இந்த இரண்டு ஷாட்டும் நடுங்க வைக்கின்றன.

20 நிமிடக் குறும்படம் எழுதுபவர்கள் முதல் 5 பக்கத்துக்குள், அந்த ஜோடிக்கு மட்டுமே உரிய ஒரு பழக்கத்தை இரண்டு முறை காட்டிவிடுங்கள். பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டுபவள், மாறிய பிறகு முழு கிளாஸையும் குடித்து வைத்தாலே போதும். வசனம் வேண்டாம்.

நகலை ரோபோ மாதிரி நடிக்க வைப்பது இன்னொரு தவறு. கறுப்பு லென்ஸ், சிமிட்டாத கண், ஒரே தொனியில் பேச்சு என்று எல்லாம் சேர்ந்தால் ஹீரோவுக்கு முன்பே பார்வையாளருக்குப் புரிந்துவிடும். அப்புறம் ஹீரோ மந்தமானவனாகத் தெரிவான். அதே படத்தில் வில்மா தன்னை வளர்த்த மாமாவைப் பற்றிச் சொல்லும் புகார் எவ்வளவு நுணுக்கமானது! உருவம், குரல், நினைவு எல்லாம் அவருடையவைதான், பாசம் மட்டும் காணோம். நீங்களும் ஒன்றை மட்டும் எடுங்கள். அந்த ஒன்றே கதையையும் நகர்த்தும். மாறிவிட்ட ஊராருக்கு நடுவே, தாங்களும் உணர்ச்சியற்றவர்கள்போல நடித்தபடி தெருவைக் கடக்கும் மைல்ஸ்-பெக்கி ஜோடி, ஒரு நாய் வண்டியில் அடிபடப்போவதைப் பார்த்து பெக்கி அலறியதும் மாட்டிக்கொள்கிறது.

விதிகளைப் பாதியில் மாற்றாதீர்கள். தூங்கும்போது, பக்கத்தில் வைத்த ராட்சத நெற்றுக்குள் (விதைக்கூட்டுக்குள்) நகல் வளரும் என்று சொன்ன அந்தப் படமே சுரங்கத்தில் சறுக்குகிறது. அங்கே நெற்று எதுவும் கண்ணில் படவில்லை, பெக்கியின் பழைய உடல் என்ன ஆனது என்றும் தெரியவில்லை. பிலிப் காஃப்மன் 1978-இல் மறுபடி எடுத்தபோது இதைச் சரிசெய்தார். நாயகி எலிசபெத்தின் உடல் காதலன் கைகளிலேயே இற்று உதிர, பக்கத்திலிருந்து புதியவள் எழுகிறாள். எழுத உட்காரும் முன் நகல் எப்போது உருவாகும், எவ்வளவு நேரம் பிடிக்கும், பழைய உடல் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 1956 படத்தை நெடுஞ்சாலையில் மைல்ஸின் கதறலோடு முடிக்கத்தான் சீகல் நினைத்தார். ஸ்டுடியோ வற்புறுத்தி முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சியை ஒட்டியது. ஹீரோ தப்பித்துவிட்டான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துபோவது அந்தப் படத்துக்கு உண்மையான இழப்பு.

ஷூட்டிங்கில் அதிகம் சொதப்புவது, நிஜக் காதலியும் நகலும் ஒரே ஃப்ரேமில் வரும் ஷாட். ஒரே நடிகையை இரண்டு முறை எடுத்து, ஃப்ரேமின் இரண்டு பாதிகளாக எடிட்டிங்கில் இணைக்க வேண்டும். கேமராவை ட்ரைபாடில் பூட்டி ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் இரண்டு பாதியும் வேறு வேறு நிறத்தில் வரும். இரண்டையும் இணைக்கும் கோடு தூண், கதவு நிலை போன்ற நேர்விளிம்பில் விழட்டும். ஆடும் திரைச்சீலை அங்கே இருக்கக்கூடாது. கையோ நிழலோ கோட்டைத் தாண்டக்கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால், உடை மாற்றும் நேரத்துக்குள் வெயில் நகர்ந்துவிடும். அதனால் இரண்டாவது உடையை முன்பே தயாராக வைத்திருங்கள். வசனத்தை முன்னெடுத்துப் பேசும் பாத்திரத்தை முதலில் எடுங்கள். அந்த ஆடியோவை ஓடவிட்டால் அடுத்த டேக்கில் இடைவெளி பிசகாது. பார்வைக்கோடு (நடிகை பார்க்கும் திசை) தவறாமலிருக்க, எதிர்ப்பக்கம் அதே உயரமுள்ள ஒருவரை நிறுத்துங்கள்.