பேட்டரியை உறிஞ்சாத 20 வாட் லீனியர்

7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் ரேடியோவில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேச லீனியர், அதாவது குரலைச் சிதைக்காமல் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், கட்டுகிறீர்களா? மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கிளாஸ் ஏ வேண்டாம். அதன் செயல்திறன் ஏட்டளவிலேயே 50 சதவீதம்தான். பாதி அலைக்கு மட்டும் மின்னோட்டம் ஓடும் கிளாஸ் பி 78.5 வரை போகும், ஆனால் குரல் கரகரக்கும். நான் நடுவில், ஏபி-யில்தான் கட்டுவேன்: இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), புஷ்-புல், அதாவது ஆளுக்குப் பாதி அலை.

பலரும் 12 வோல்ட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு 24தான் பிடிக்கும். கணக்கைப் பாருங்கள்: மாஸ்ஃபெட்டில் 2 வோல்ட் போனால் மிச்சம் 22. அதை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, 20 வாட்டால் வகுத்தால், இரண்டு ட்ரெயின்களுக்கு (வெளியீட்டுக் கால்கள்) இடையே வேண்டிய லோடு 48.4 ஓம். 50 ஓம் ஆன்டெனாவுக்கு 1:1 ட்ரான்ஸ்ஃபார்மரே போதும். 12 வோல்ட்டில் இதே கணக்கு 10 ஓம் தரும். மின்னோட்டமும் இழப்பும் கூடும்.

அப்புறம் பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் சிறு மின்னோட்டம் ஓட கேட்டுக்கு (உள்ளீட்டுக் கால்) கொடுக்கும் வோல்டேஜ். ஒவ்வொரு கேட்டுக்கும் தனி ட்ரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் சிறு மின்தடை) வைத்து, பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ட்ரெயினில் 50 மில்லிஆம்பியர் வந்ததும் நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து சும்மாவே 2.4 வாட் தின்னும்! அதனால் பிடிடி-யை (பேசும்போது அழுத்தும் பட்டன்) விட்டதும் பயாஸ் அணைய வேண்டும். சூடேறினால் மின்னோட்டமும் ஏறும் என்பதால் பயாஸ் டயோடை ஹீட்சிங்கோடு ஒட்டி வையுங்கள். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு ட்ரெயினோடு இணைந்தது. அது ஹீட்சிங்கில் மின்சாரம் பாய்ச்சாமலிருக்க அடியில் மைக்கா கட்டாயம்.

முதல் சோதனை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை), இரண்டு தொனிகளை ஒன்றாகக் கொடுத்து. தேவையற்ற உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஆன்டெனாவை மாட்டாதீர்கள்.