விட்டுப்போன படிப்பை எட்டிப் பிடிக்க: மாலை வகுப்பு எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பாதி எழுத்துகளோடு வீட்டுக்குப் போன குழந்தை, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். அதன் கையில் கொடுக்கப்பட்டதும் மூன்றாம் வகுப்புப் புத்தகம்தான். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட குழந்தைகள் பதினான்கு பேர். 2022 தொடக்கத்தில் அரசின் மாலை வகுப்புத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். நான் ஆசிரியப் பயிற்சி படித்தவள் இல்லை. முதல் இரண்டு மாதம் நிறையத் தடுமாறினேன். பிறகு எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

பாய், விளக்கு, பெற்றோரிடம் பேசுவது, நேரம் குறிப்பது இதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள், எதுவரை தெரியும் என்று பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ப, ட, ம, க, த போன்ற பத்து எழுத்துகள். இரண்டாவதில் படம், மரம், வீடு, கொடி போன்ற பத்துச் சொற்கள். மூன்றாவதில் "மழை வந்தது. பாட்டி குடை பிடித்தாள்" என்பதுபோல நான்கு சிறிய வரிகள். நான்காவதில் எட்டு, பத்து வரியில் ஒரு குட்டிக் கதை. குழந்தை எந்தக் கட்டத்தில் திணறுகிறதோ அதுதான் அதன் இடம். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதைத் தனியாக உட்கார வைத்துச் செய்ய வேண்டும். நான் முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துக் கேட்டேன். முதல் பையன் வாசித்ததைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த நான்கு பேரும் அப்படியே சொன்னார்கள். எல்லோருக்கும் தெரிகிறது என்று நானும் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று, புத்தகத்தைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடத்தின் முதல் பக்கத்தை விரல் வைத்துத் தங்குதடையில்லாமல் படித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏதோ தோன்றி, கடைசி வரியிலிருந்து மேலே படித்து வரச் சொன்னேன். விரல் நின்றுவிட்டது. அக்கா படித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துகளே பாதிதான் தெரியும். அதனால்தான் தாளை நீங்களே எழுத வேண்டும் என்கிறேன்.

படி 2: வகுப்பைக் கலைத்து, நிலைப்படி பிரியுங்கள்

எழுத்து, சொல், வரி, கதை என்று குழு. மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே குழுவில் வந்தால் வரட்டும். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-இல் அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் இப்படித்தான் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள்.

பெரிய பிள்ளைகளை மட்டும் தனியாக யோசியுங்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சின்னக் குழந்தைகளோடு எழுத்துக் குழுவில் உட்கார வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. பள்ளி மூடியிருந்தபோது அப்பாவோடு வேலைக்குப் போய் வந்தவன் அவன், பத்துப் பேர் முன்னால் ‘பட்டம்’ என்று எழுத்துக் கூட்ட அவனுக்கு எப்படி மனசு வரும்? வீட்டுக்குப் போய்ப் பேசி, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் இருபது நிமிடம் அவனுக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்தேன். சின்ன வகுப்பு அட்டைகளை ஒதுக்கிவிட்டு பஸ் போர்டு, கடைப் பெயர், கிரிக்கெட் ஸ்கோர், ரேஷன் கார்டு என்று அவன் அன்றாடம் பார்ப்பதையே வாசிக்கக் கொடுத்தேன். குழுவில் சாக்பீஸ் பொறுப்பையும் வருகைப் பதிவையும் அவனிடம் விட்டேன். பெயர்களை எழுதி எழுதியே அவனுக்குப் பாதி எழுத்துகள் வந்துவிட்டன.

படி 3: எழுத்து. இங்கேதான் நிறைய நேரம் போகும்

‘அ, ஆ’விலிருந்து தொடங்கி 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். ப, ட, ம என்று மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் கிடைத்தாலே படம், பட்டம், மட்டம், மடம் என்று சொற்கள் வந்துவிடும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டோம் என்ற நினைப்போடு குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும். அப்புறம் க, த, ர, ல என்று சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரே எழுத்து ‘பந்து’வில் ஒரு ஒலியும் ‘பத்து’வில் வேறு ஒலியும் தருவதை விதியாகச் சொல்லிக் குழப்ப வேண்டாம். வாயில் புழங்கும் சொல்லாக இருந்தால் குழந்தையே திருத்திக்கொள்ளும்.

கால் (ா), விசிறி (ி) வரைக்கும் சிக்கல் இல்லை. கா, கி, கீ எல்லாம் எழுத்துக்குப் பிறகோ எழுத்தின் மேலோ வருபவை. ‘கு’ வரிசை கொஞ்சம் இழுக்கும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் வேறு மாதிரி மாறுகிறது. நான் அவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினேன். கீழே நேராக இறங்கும் சு, பு, யு, வு, ஙு ஒரு குடும்பம். வளைந்து சுற்றும் கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். கூடுதலாகக் கால் நீட்டும் து, நு, ணு, லு, று, னு, ஞு ஒரு குடும்பம். 18 எழுத்தும் இதில் அடங்கிவிடும். குடும்பமாகச் சொன்னபோது ஒரு வாரத்தில் வந்தது.

என்னை உண்மையில் நிறுத்தி வைத்தது கொம்பு (ெ). ‘கொடி’ என்ற சொல்லை ஒரு பையன் ‘கெடி’ என்றான், ஒரு பெண் ‘காடி’ என்றாள். இரண்டு பேரையும் திருத்தித் திருத்திப் பத்து நாள் போனது. காரணம் எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் சொல்லி எழுத வைத்தபோதுதான் பார்த்தேன். ‘கேள்’ என்று சொன்னதும் அந்தப் பெண் முதலில் ‘க’ எழுதினாள். பிறகு அதற்கு முன்னால் இடமில்லாமல் கொம்பை நெருக்கிச் செருகினாள். காதில் விழுவது ‘க்’, பிறகு ‘ஏ’. கையால் எழுத வேண்டியதோ முதலில் கொம்பு, பிறகு க. வாசிக்கும்போதும் அதே சிக்கல்தான். கொம்பை மட்டும் பார்த்தவன் ‘கெ’ என்றான், காலை மட்டும் பார்த்தவள் ‘கா’ என்றாள். இருவருமே கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

இதற்கு நான் செய்தது இதுதான். பழைய காலண்டர் அட்டையில் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், எழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிக்கொண்டேன். தரையில் கொம்பை வைத்து, கொஞ்சம் இடம் விட்டு, காலை வைப்பேன். நடுவில் ‘க’ அட்டையைக் குழந்தைதான் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். பிறகு கட்டைவிரல். காலை மூடினால் என்ன? கெ. விரலை எடுத்துக் கொம்பை மூடினால்? கா. இரண்டையும் திறந்தால்? கொ. அதே ஆட்டம் இரட்டைக் கொம்போடு: கே, கா, கோ. பிறகு நடுவில் த, ம, ப என்று எழுத்தை மாற்றிக்கொண்டே போகலாம். நாங்கள் தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தோம். ஒன்பதாவது நாள் அந்தப் பெண் கோலம், தோடு, கொலுசு மூன்றையும் நிறுத்தாமல் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாலை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

‘ஔ’ வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சொற்கள் குறைவு, அதோடு வரும் ‘ள’ வடிவம் வேறு குழப்பும்.

படி 4: கணக்கு

கணக்கில் ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், எங்கள் குழுவில் பாதிப் பேர் 35 என்று எழுதினார்கள். 2-இலிருந்து 7 போகாது என்றதும் திருப்பி 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன், "எப்போ அக்கா திருப்பிக் கொடுக்கணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ‘கடன்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

தென்னை ஈர்க்குச்சியைத் துண்டாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. 17 வேண்டும். உதிரியில் ஏழு இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும் வரை வாய் திறக்க வேண்டாம். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி என்று ஆனதும் மீதியை அவர்களே முடித்து 25 என்று சொல்லிவிடுவார்கள். குச்சியில் ஒரு வாரம் செய்த பிறகுதான் நோட்டில் எழுத வைக்க வேண்டும். வாய்ப்பாடு எல்லாம் அதற்கப்புறம்.

என் கைக்கு ஒத்துவந்த பொருட்கள்

நோட்டைவிட சிலேட்டுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். நோட்டில் தப்பு அப்படியே நிற்கும், குழந்தை அதை மறைக்கப் பார்க்கும். சிலேட்டில் துடைத்தால் போயிற்று. வாசிக்கப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, நான் அவற்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன். போனில் கூகுளின் ரீட் அலாங் செயலியும் தமிழ் வாசிப்பைக் கேட்டுத் திருத்தும். ஆனால் பத்துப் பேருக்கு நடுவில் ஒரு போன் என்றால் வாசிப்பு நடக்காது, சண்டைதான் நடக்கும். ஒரு குழந்தை, ஒரு பெரியவர், ஒரு போன் என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

சுண்டலையும் ஒரு பொருளாகவே எழுதிக்கொள்ளுங்கள். மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கு நல்ல பசி இருக்கும். தட்டில் கொஞ்சம் சுண்டலோ வேர்க்கடலையோ வைத்துவிட்டு முதல் பத்து நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள். கொரோனாவில் தாத்தா இறந்தது, வேலை இல்லாமல் அப்பா திரும்பி வந்தது எல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தப் பத்து நிமிடங்களில்தான். அதற்குப் பிறகு ஒரு குழந்தை ஏன் படிப்பில் கவனமில்லாமல் இருக்கிறது என்று நான் கோபப்பட்டதே இல்லை.

இதனால் பலன் உண்டா?

உண்டு. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அப்படி மீண்டதில் கால்வாசிக்கு மாலை வகுப்புகள் காரணம் என்றும் கணக்கிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து தினம் ஒன்றரை மணி நேரம் செய்ததை யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி மூன்றில் ஒரு பங்கை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் சிலர் பெரிய வகுப்புகளுக்குப் போன பிறகும் கொம்பில் தடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்சேர்க்கை 1: எழுத்தைப் படித்த மறுநாளே குழந்தை மறந்துவிடுகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். முதலில் கண்ணைச் சோதியுங்கள். சிலேட்டை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைக்கிறதா, கண்ணைச் சுருக்குகிறதா என்று கவனியுங்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி போட்டதும் ப-வும் ம-வும் குழம்புவது நின்றுவிட்டது. கண்ணும் காதும் சரியாக இருந்து, பல மாதம் உழைத்த பிறகும் அதே எழுத்துகளில் நிற்கிறது என்றால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் வேண்டும், நாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது.

பின்சேர்க்கை 2: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டில் இருந்த புத்தகம், நோட்டு எல்லாம் போய்விட்டது என்று தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. அவரிடம் நான் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சோதனைத் தாளுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். கொம்பு அட்டைக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும், ஈர்க்குச்சி எப்படியும் கிடைக்கும். எழுத ஈர மணல் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு முதல் வாரம் பாடமே வேண்டாம், பேசவும் விளையாடவும் விடுங்கள் என்றும் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். வாசல் மணலில் ‘கோழி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. கொம்புக்கும் ‘க’வுக்கும் நடுவில் போதுமான இடம் இருந்தது.