ஒரே பீத்தோவன், வேற வேற கண்டக்டர்: கேட்டு ஒப்பிடறது எப்படி

ஆர்கெஸ்ட்ராவை நடத்தறவர்தான் கண்டக்டர், ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின பெரிய இசைப் படைப்புதான் சிம்பொனி. பீத்தோவனோட ஒன்பது சிம்பொனியையும் வரிசையா போட்டு ஒப்பிட உக்காராதீங்க, காது மரத்துப்போய் கடைசில எது யாரோடதுன்னே குழம்பிடும். ஒரு சிம்பொனி, அதுல ஒரு மூவ்மெண்ட் (புத்தகத்துல ஒரு அத்தியாயம் மாதிரி), அதுலயும் ரெண்டு மூணு நிமிஷம் போதும். நான் அஞ்சாவதோட முதல் மூவ்மெண்ட்லதான் ஆரம்பிப்பேன், அந்த நாலு நோட்டு எல்லாருக்கும் மனப்பாடம்ங்கறதால வித்தியாசம் சட்டுனு பிடிபடும்.

மூணு ரெக்கார்டிங் எடுத்துக்கோங்க. கார்லோஸ் க்ளைபர் வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட 1974ல பண்ணது, க்ளெம்பரர் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோட 1950கள்ல பண்ணது, கார்டினர் 1990கள்ல பீத்தோவன் காலத்து வாத்தியங்களை வச்சு பண்ணது. மூணுக்கும் சத்தம் ஒரே அளவுல கேக்குற மாதிரி வால்யூமை சரிபண்ணிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா கொஞ்சம் சத்தமா இருக்கறதுதான் நல்லா இருக்குன்னு காது தீர்ப்பு சொல்லிடும்.

முதல்ல காதுல படுறது டெம்போ, அதாவது வேகம். பீத்தோவன் 1817ல தன்னோட சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் (தாளத்தை டிக் டிக்னு எண்ணிக்காட்டற கருவி) எண் குடுத்தாரு, இந்த மூவ்மெண்டுக்கு நிமிஷத்துக்கு 108. கார்டினர் அதை ஒட்டியே ஓடுவாரு, க்ளெம்பரர் நிறையவே நிதானம். ஆனா வேகத்தை மட்டும் வச்சு மார்க் போடாதீங்க, க்ளெம்பரர்கிட்ட ஓபோ, கிளாரினெட் மாதிரி ஊதற மரக்குழல்கள் எல்லாம் தெளிவா முன்னாடி வந்து நிக்கும், வேகமா வாசிக்கறப்ப கேக்காத உள்ள ஓடுற மெட்டெல்லாம் அங்க கேக்கும். நிமிஷக் கணக்கை பாக்கறதா இருந்தா மூவ்மெண்டோட முதல் பகுதியை திரும்ப வாசிக்கிறாங்களான்னு பாத்துட்டு பாருங்க, அதை விட்டுட்டா நேரம் குறைஞ்சிடும், வேகம்னு நினைச்சு ஏமாந்துடுவோம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை இது. அஞ்சாவதோட அதே மூவ்மெண்ட்ல ரெண்டாவது தீம் (முக்கியமான மெட்டு) வர்றதுக்கு முன்னாடி முதல் தடவை ஹார்ன்ங்கற பித்தளைக் குழல் கம்பீரமா ஒரு அறிவிப்பு குடுக்கும், அதே இடம் மூவ்மெண்டோட பின்பாதில வர்றப்ப பீத்தோவன் அதை பாசூனுக்கு (கீழ்ச்சுருதில ஒலிக்கற மரக்குழல்) எழுதிட்டாரு, ஏன்னா அப்போ ஹார்ன்ல வால்வு கிடையாது, வேற சுருதி வேணும்னா குழாயை கழட்டி மாட்டணும், அதுக்கு அங்க நேரம் இல்ல. பின்னாடி வந்த நிறைய கண்டக்டர்கள் அதையும் ஹார்னுக்கே குடுத்துட்டாங்க. கார்டினர்கிட்ட பாசூன்தான், சத்தம் கரகரன்னு சின்னதா வரும், எனக்கு அதுதான் உண்மையா படுது. அதுக்கு கொஞ்சம் முன்னாடி புயல் நடுவுல ஓபோ தனியா ஒரு மூச்சு அழுதுட்டு போகும், அந்த ஒத்த ஓபோவுக்கு யாரு எவ்வளவு நேரம் விட்டுக்குடுக்கறாங்கன்னு பாருங்க, கண்டக்டரோட மனசு அங்கதான் தெரியும்.

இது பழகினதும் ஏழாவதோட ரெண்டாவது மூவ்மெண்டுக்கு போங்க. கடைசி சில நோட்டுகளை வயலின்கள் வில்லால வாசிக்கணும்னு ஸ்கோர்ல (பீத்தோவன் எழுதின இசைக் குறிப்புல) இருக்கு, க்ளைபர் அதை விரலால மீட்டியே முடிப்பாரு. எழுதினதை மாத்தலாமாங்கற கேள்வி வேற, ஆனா அந்த முடிவு காத்துல கரையுற மாதிரி இருக்கும்.

ஒன்பதாவதுல மூணாவது மூவ்மெண்டை ஃபுர்ட்வேங்ளர்ங்கற கண்டக்டர் 1951ல ஜெர்மனியோட பைராய்ட் ஊர்ல நடந்த கச்சேரில 19 நிமிஷத்துக்கு மேல வாசிக்கிறாரு, கார்டினர் சுமார் 12 நிமிஷத்துல முடிச்சிடுவாரு. ஃபுர்ட்வேங்ளரோடது மோனோ (இடது வலதுன்னு பிரியாத பழைய ஒலிப்பதிவு), இருமல் சத்தம்கூட கேக்கும், ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, காது பழகிடும்.

இன்னொண்ணு, முதல்முதல்ல கேட்ட ரெக்கார்டிங்தான் சரின்னு மனசுல பதிஞ்சிருக்கும், மத்ததெல்லாம் தப்பா படும். அதனால பழக்கமானதை கடைசியா போடுங்க, முடிஞ்சா வேற யாரையாவது பேரு சொல்லாம மாத்தி மாத்தி போட சொல்லிட்டு கண்ணை மூடி கேளுங்க.